காக்கிச் சட்டைக்குள் இருந்தவரும் கூலிக்கு வந்தவரே

(உச்சமுனையில் நடந்த சங்கக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



மலையகத் தோட்டங்களிலிருந்து இரவு பஸ் ஏறி வந்திருக்கும் உங்களுக்கும், கற்பிட்டிப் பக்கத்துத் தென்னந்தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் தோழர்களுக்கும், எம்மை வரவேற்று இடம் தந்த உச்சமுனைக் குடும்பங்களுக்கும் சங்கத்தின் வணக்கம்.

இன்றைய தலைப்பைப் பார்த்துச் சிலர் யோசித்திருப்பீர்கள். சம்பளம், வீடு, காணி என்று பேச வேண்டிய இடத்தில் வெள்ளைக்காரர் காலத்துப் பொலிஸ் கதை எதற்கு? காரணம் உண்டு. தோட்டக் கமிட்டிக் கூட்டங்களில் இப்போது அடிக்கடி ஒரு பிரச்சினை வருகிறது. படித்த பிள்ளை பொலிஸ் வேலைக்கு விண்ணப்பம் போடப் பார்க்கிறது. வீட்டில் பெரியவர்கள் விடுவதில்லை. "நம்மளை அடிச்ச கூட்டத்துல நம்ம புள்ளையா?" என்கிறார்கள். அந்தப் பெரியவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பிள்ளையின் ஆசையிலும் நியாயம் இருக்கிறது. எந்தப் பக்கம் நிற்பது என்று சொல்வதற்கு முன்னால், அந்தப் படை எப்படி ஆள் சேர்த்தது, சேர்த்த ஆட்களை எப்படி வைத்திருந்தது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் ஓர் ஆண்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 1865. அந்த ஒரே ஆண்டில் இலங்கையில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். இது வேலைக்காரர், கூலியாட்கள் பற்றியது. முன்னறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போன தொழிலாளிக்கு மூன்று மாதம் வரை கடூழியச் சிறை கொடுக்க அது இடம் வைத்தது. தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளி குற்றவாளி. இரண்டாவது, அதே 1865 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம். இன்றைக்கும் நம் நாட்டுப் பொலிஸ் அந்தச் சட்டத்தின் கீழ்தான் இயங்குகிறது. முதல் சட்டம் தோட்டத்து ஆளைக் கட்டிவைத்தது. இரண்டாவது சட்டம், கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடியவரைப் பிடித்துவர ஒரு படையை ஒழுங்குபடுத்தியது. நம் பாட்டன் பூட்டன் காதில் "வாரண்ட்" என்ற சொல் விழுந்தது இந்த இரண்டும் சேர்ந்ததால்தான்.

அப்படியானால் பிடிக்க வந்த பொலிஸ்காரர் மட்டும் சுதந்திர மனிதரா? பக்கத்து நாட்டைப் பாருங்கள். இந்தியாவில் 1861 ஆம் ஆண்டு பொலிஸ் சட்டம் வந்தது. அதன்படி சாதாரணக் கான்ஸ்டபிள் அனுமதி இல்லாமலோ, இரண்டு மாத முன்னறிவித்தல் இல்லாமலோ வேலையை விட்டால், மூன்று மாதச் சம்பளம் வரை தண்டம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இலங்கையில் கோப்பிப் பழம் பறித்தவருக்கும் மூன்று மாதம், இந்தியாவில் தடி பிடித்தவருக்கும் மூன்று மாதம்! ஒரே ஆட்சிதான் இரண்டு பேரையும் அளந்தது. அளந்த கோலும் ஒன்றாகவே இருந்தது.

இனி ஆள் சேர்த்த விதத்துக்கு வருவோம். 1866 ஆம் ஆண்டு செப்டம்பர் 3 ஆம் திகதி இலங்கைப் பொலிசுக்குத் தலைவராக வந்தவர் ஜி.டபிள்யூ.ஆர். கெம்பல். அதனால்தான் அந்தத் திகதியைப் பொலிஸ் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அவர் பம்பாய் மாகாணத்தின் ரத்னகிரியில் ஒரு படைப்பிரிவை நடத்தியவர். அந்தக் காலத்தில் பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் பொலிஸ் அமைக்க முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளப்பட்டது அயர்லாந்து. அங்கே பொலிஸ் துப்பாக்கி வைத்திருந்தது. பொலிஸ்காரர் பாசறையில் தங்கினார். தன் சொந்தப் பிரதேசத்தில் அவர் வேலை செய்யக் கூடாது என்பது விதி. ஏன்? சொந்த ஊரில் வேலை செய்கிறவருக்குத் தன் மாமனையும் மச்சானையும் அடிக்கக் கை வராது. ஊர் தெரியாதவருக்கு அந்தத் தயக்கம் இல்லை. ஆட்சிக்கு அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டியிருந்தது.

இலங்கையில் இது எப்படி நடந்தது? மேலே வெள்ளைக்கார அதிகாரிகள். அவர்களுக்குக் கீழே இன்ஸ்பெக்டர்களாகப் பறங்கியர் பலர். அடியில் சிங்களவர், மலாயர், தமிழர். மலாயரின் கதை நம் கதைக்கு நெருங்கியது. அவர்களின் முன்னோரை ஜாவா முதலிய தீவுகளிலிருந்து சிப்பாய்களாகவும் நாடு கடத்தப்பட்டவர்களாகவும் கொண்டுவந்தவர்கள் ஒல்லாந்தர். கற்பிட்டியில் நிற்கும் கோட்டையைக் கட்டியவர்களும் அதே ஒல்லாந்தர்தான். பிறகு ஆங்கிலேயர் அந்த மலாயரை இலங்கை ரைபிள் படையில் வைத்திருந்தார்கள். 1873 இல் அந்தப் படையைக் கலைத்தார்கள். படை போனதும் பிழைப்புப் போயிற்று. பலர் பொலிசுக்குப் போனார்கள், சிலர் தீயணைப்புப் படைக்குப் போனார்கள். கடமையில் உயிரிழந்த முதலாவது பொலிஸ்காரர் என்று இன்றும் நினைவுகூரப்படுகிற சபான் ஒரு மலாயர். 1864 மார்ச் 21 ஆம் திகதி, சரதியலைப் பிடிக்கப் போன இடத்தில் சுடப்பட்டு இறந்தார். தோழர்களே, நம் முன்னோர் பஞ்சத்தால் கடல் கடந்து கோப்பித் தோட்டத்துக்கு வந்தார்கள். மலாயரின் முன்னோர் வேறொரு கட்டாயத்தால் கடல் கடந்து வந்து, அவர்களின் பிள்ளைகள் பொலிஸ் வரிசையில் நின்றார்கள். இரண்டு பேரும் வேலை கிடைக்கிற பக்கம் ஒதுக்கப்பட்டவர்கள்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சேர் ஹேர்பட் டவ்பிகின் பொலிஸ் மா அதிபராக வந்த 1913 இல், இலங்கை முழுவதற்கும் 119 பொலிஸ் நிலையங்கள், 2,306 ஆட்கள். அப்போது நாட்டின் சனத்தொகை நாற்பது இலட்சத்துக்கு மேல். ஏறக்குறைய 1,800 பேருக்கு ஒரு பொலிஸ்காரர். இவ்வளவு குறைந்த ஆளை வைத்துக்கொண்டு ஒரு நாட்டை எப்படி அடக்கினார்கள்? சம்பளம் கொடுக்காமல் வேலை வாங்கத் தெரிந்திருந்ததால்தான்.

இந்தக் கரையோரத்துப் பெரியவர்களுக்குப் "பொலிஸ் விதானை" என்ற சொல் ஞாபகம் இருக்கும். கிராமத்தில் சண்டை என்றால் விதானை, களவு என்றால் விதானை, பிரேதம் கரையொதுங்கினால் விதானை. ஆனால் அரசாங்கம் அவருக்கு நீண்ட காலம் சம்பளம் என்று எதையும் கொடுக்கவில்லை. பட்டம் கொடுத்தது, மரியாதை கொடுத்தது, மற்றதை ஊரில் பார்த்துக்கொள் என்று விட்டது. சம்பளம் இல்லாத அதிகாரி யாரிடம் கை நீட்டுவார்? ஏழையிடம்தான். அந்த முறை போய், 1963 இல்தான் சம்பளம் பெறும் கிராம சேவகர் வந்தார்.

தோட்டத்தில் விதானையின் இடத்தில் கங்காணி இருந்தார். காவற்காரர் இருந்தார். அவர்களுக்கு மேலே துரை இருந்தார். பல துரைமாருக்குச் சமாதான நீதவான் பட்டமும், உத்தியோகப்பற்றற்ற பொலிஸ் நீதவான் பதவியும் கொடுக்கப்பட்டிருந்தன. துரைமார் வட்டத்தைச் சேர்ந்தவரே நீதவான் ஆசனத்திலும் இருந்தால், தோட்டத்து ஆள் நியாயத்துக்கு எங்கே போவது? இது போதாதென்று 1900 இல் தோட்டத் துரைமாரின் ரைபிள் படை ஒன்றும் அமைக்கப்பட்டது. பொலிசில் ஆள் குறைவு என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் தோட்டத்துக்குள்ளே பாதிப் பொலிஸ் வேலையைத் தோட்ட நிர்வாகமே செய்துகொண்டது.

இதே கரையில் வடக்கே குதிரைமலையைத் தாண்டினால் மரிச்சுக்கட்டி. 1905, 1906 ஆம் ஆண்டுகளில் அங்கே பெரும் முத்துக்குளிப்பு நடந்தது. தமிழர், முஸ்லிம்கள், அரேபியர் என்று ஆயிரக்கணக்கானோர் மணலில் கொட்டில் போட்டு ஒரு நகரத்தையே எழுப்பினார்கள். அங்கே வேலை செய்த இளம் சிவில் அதிகாரிகளில் ஒருவர், பிறகு எழுத்தாளராகப் பேர் பெற்ற லெனார்ட் வுல்ஃப். பருவம் முடிந்ததும் நகரம் கலைந்துவிடும். முத்து இருக்கும் வரைக்கும் அங்கே அரசாங்கம் இருந்தது, நீதிமன்றம் இருந்தது, பொலிஸ் இருந்தது. அரசாங்கத்துக்கு வருமானம் வருகிற இடத்தில் காவலும் இருந்தது. வறுமைப்பட்ட ஊருக்கு அதே அரசாங்கம் சம்பளமில்லாத விதானையைத்தான் அனுப்பியது.

இலங்கையில் மட்டும்தான் இப்படியா என்று கேட்கலாம். இல்லை. ஹொங்கொங் பொலிசில் ஆட்களை இனவாரியாகப் பிரித்து, இலக்கத்துக்கு முன்னால் ஓர் ஆங்கில எழுத்தைப் போட்டார்கள். 'ஏ' என்றால் ஐரோப்பியர், 'பி' என்றால் இந்தியர், 'சி' என்றால் உள்ளூர்ச் சீனர். செய்கிற வேலை ஒன்று, சம்பளம் மட்டும் எழுத்துக்கு எழுத்து வேறு. 1922 இல் அங்கே கடலோடிகள் பெரிய வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். அந்த வேலைநிறுத்தத்தைப் பார்த்த அரசாங்கம், உள்ளூர்ச் சீனப் பொலிஸ்காரரை இனி நம்ப முடியாது என்று நினைத்தது. உடனே வெகு தூரத்து வடக்கே இருந்து, வேறு மொழி பேசும் ஷாந்துங் மாகாணத்துச் சீனரைக் கொண்டுவரத் தொடங்கியது. அவர்களுக்கு 'டி' எழுத்து. பாருங்கள், தொழிலாளி வென்றதும் முதலாளி ஆட்சி செய்த முதல் வேலை என்ன? பொலிசில் ஆள் மாற்றியது!

ஷாங்ஹாய் நகரசபைப் பொலிசில் ஆங்கிலேயர், சீக்கியர், சீனர், ஜப்பானியர், ரஷ்யர் என்று பல நாட்டார் இருந்தார்கள். 1925 மே மாதம் ஜப்பானியர் நடத்திய பஞ்சாலை ஒன்றில் ஒரு சீனத் தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். அதைக் கண்டித்து மே 30 ஆம் திகதி வீதியில் இறங்கியவர்கள் மீது சுடும்படி உத்தரவிட்டவர் ஆங்கில இன்ஸ்பெக்டர். சுட்டவர்கள் சீக்கியக் கான்ஸ்டபிள்களும் சீனக் கான்ஸ்டபிள்களும். பலர் உயிரிழந்தார்கள். பஞ்சாபில் கடன்பட்டு, நிலம் போதாமல், சம்பளத்துக்காகக் கப்பல் ஏறியவரின் துப்பாக்கி, கிராமத்தை விட்டு ஆலைக்கு வந்தவரின் நெஞ்சைப் பார்த்தது. உத்தரவு போட்டவருக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். 1940 ஜனவரி 10 ஆம் திகதி. ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயா தோட்டம். சம்பள உயர்வு கேட்டுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். மலையகத் தொழிற்சங்கப் போராட்டத்தின் தியாகிகள் வரிசையில் முதலில் வருகிற பெயர் அது. விசாரணை ஆணைக்குழு வந்தது. கோவிந்தன் குடும்பத்தின் சார்பில் கொல்வின் ஆர். டி சில்வா தோன்றினார். வேலைநிறுத்தக்காரர் மீதான வழக்குகளை ஒத்திவைக்க வேண்டும் என்று உள்நாட்டு அமைச்சர் டி.பி. ஜயதிலக்க விரும்பினார். பொலிஸ் மா அதிபர் பாங்ஸ் அதற்கு இணங்கவில்லை. தேசாதிபதி கல்டெகொட் பொலிஸ் மா அதிபரின் பக்கம் நின்றார். அமைச்சர்கள் பதவி விலகும் அளவுக்கு விடயம் முற்றியது.

இதில் நாம் படிக்க வேண்டிய பாடம் என்ன? மக்கள் தெரிவு செய்த அமைச்சரின் சொல்லுக்குப் பொலிஸ் கட்டுப்படவில்லை. சுட்ட கை ஒருவருடையது. அந்தக் கையை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது, யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்தது, எல்லாம் 1865 முதல் கட்டி வந்த ஏற்பாடு. ஆளை மட்டும் வெறுத்தால் ஏற்பாடு தப்பிவிடும்.

அந்தப் பொலிஸ்காரர் தன் குறையைச் சொல்ல வழி இருந்ததா? பிரித்தானியாவிலேயே 1918 இல் லண்டன் பொலிஸ்காரர் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டதில் பெரும்பகுதி கிடைத்தது. 1919 இல் அரசாங்கம் பொலிசுக்குத் தொழிற்சங்கம் கூடாது என்று சட்டம் போட்டது. எதிர்த்து மறுபடியும் வேலைநிறுத்தம் செய்தவர்கள் எல்லோரும் வேலை இழந்தார்கள். இலங்கையில் 1935 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் நமக்குச் சங்கம் பதியும் உரிமையைத் தந்தது. அதே சட்டம் பொலிஸ்காரரை வெளியே நிறுத்தியது. இன்றைக்கும் கான்ஸ்டபிளுக்குச் சங்கம் கிடையாது. நீண்ட நேரக் கடமை, தூர இடமாற்றம், பிள்ளையைப் பார்க்க லீவு இல்லை என்று அவர் புழுங்குகிறார். அந்தப் புழுக்கம் பல வேளை நிலையத்துக்கு வருகிற ஏழையின் மேல்தான் வெடிக்கிறது. இது அடிப்பதற்கு நியாயம் ஆகாது. ஆனால் காரணம் தெரியாமல் நோய்க்கு மருந்து கொடுக்க முடியாது.

சரி, நம் பிள்ளைகள் ஏன் இவ்வளவு காலம் இந்தச் சேவைக்கு வெளியே நின்றார்கள்? வெள்ளைக்காரர் காலத்தில் கங்காணிக் கடனும் துண்டு முறையும் நம்மைத் தோட்டத்தோடு கட்டின. துண்டு முறை 1921 இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் சுதந்திரம் வந்த 1948 ஆம் ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. பிரஜை இல்லாதவருக்கு அரசாங்க வேலை ஏது? 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம். கடைசியாக மிச்சமிருந்த நாடற்றவர்களுக்கும் பிரஜாவுரிமை கிடைக்க வழி செய்த சட்டம் 2003 இல்தான் வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள், தோழர்களே! அந்தக் காலம் முழுவதும் தோட்டப் பகுதி நிலையங்களில் நம் மொழி தெரிந்தவர் குறைவாக இருந்ததற்கு நம் சோம்பல் காரணமல்ல, நம் பயமும் முழுக் காரணமல்ல. கதவை வெளியிலிருந்து பூட்டியிருந்தார்கள்.

பூட்டு திறந்த பிறகும் நிலைமை போதிய அளவு மாறவில்லை. புருஷன் அடித்தான் என்று ஒரு பெண் நிலையத்துக்குப் போகிறாள். அவள் தமிழில் அழுததை வேறொருவர் சிங்களத்தில் எழுதுகிறார். வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்குகிறார். பிறகு பார்த்தால் முறைப்பாட்டில் "சமாதானமாகிவிட்டோம்" என்று இருக்கிறது. இப்படிப்பட்ட கதைகள் நம் சங்க அலுவலகத்துக்கு வந்திருக்கின்றன. எந்த நிலையம் என்று இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு நிலையத்தை மட்டும் குறை சொல்லி இந்தப் பிரச்சினை தீராது. அங்கே தமிழ் தெரிந்த ஒரு பெண் பொலிஸ் இருந்திருந்தால் அந்தத் தாயின் வாக்குமூலம் வேறாக இருந்திருக்கும். அந்தப் பெண் பொலிஸ் நம் லயத்துப் பிள்ளையாக ஏன் இருக்கக் கூடாது?

ஆகவே வீட்டுப் பெரியவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். உங்கள் கோபத்தை விட்டுவிடாதீர்கள், பிள்ளையைப் போக விடுங்கள். அயர்லாந்து தொடக்கம் ஹொங்கொங் வரை ஆட்சிகள் பயந்தது ஒன்றுக்குத்தான்: மக்களைத் தெரிந்தவர், மக்களின் மொழி பேசுகிறவர், அந்தச் சட்டைக்குள் இருந்துவிடக் கூடாது என்று. அவர்கள் எதைத் தடுத்தார்களோ அதை நாம் செய்ய வேண்டும். போகிற பிள்ளைக்கும் ஒன்று சொல்கிறோம். நீ சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவள், துரைக்கு அல்ல. முல்லோயாவை மறந்துவிடாதே.

இனி நாம் செய்ய வேண்டியவை.

முதலாவது, உரிமையைத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழும் அரச கரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பில் எழுதப்பட்டது. நாட்டின் எப்பகுதியிலும் அரச உத்தியோகத்தருடன் தமிழில் கருமமாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம். மொழிபெயர்த்து வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். முறைப்பாட்டின் திகதியையும் இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுத்தால் தோட்டக் கமிட்டிக்கு அன்றே அறிவியுங்கள். மொழி உரிமை மீறப்பட்டால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும், பொலிசாரின் நடத்தை பற்றித் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் சங்கம் எழுதும்.

இரண்டாவது, பொலிஸ் ஆட்சேர்ப்பு வர்த்தமானியில் வெளியாகும்போது ஒவ்வொரு கிளையும் அதைப் பிரட்டுக் களத்தில் வாசித்துச் சொல்ல வேண்டும். விண்ணப்பம் நிரப்பவும், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எடுக்கவும் இளைஞர் பிரிவு உதவ வேண்டும். கடிதம் பிந்தி வந்து வாய்ப்பைத் தவறவிட்ட பிள்ளைகள் நம்மிடையே போதும்.

மூன்றாவது, தோட்டப் பகுதி நிலையம் ஒவ்வொன்றிலும் தமிழ் தெரிந்த ஆணும் பெண்ணும் எந்த நேரமும் கடமையில் இருக்க வேண்டும் என்று கேட்போம். அதோடு, கான்ஸ்டபிள்மாருக்கு நியாயமான கடமை நேரமும், குடும்பத்தோடு வாழத்தக்க விடுதியும், குறை சொல்ல ஒரு வழியும் வேண்டும் என்றும் கேட்போம். "பொலிசுக்காக நாம் ஏன் பேச வேண்டும்?" என்று யாராவது கேட்டால், உழைக்கிறவர் எந்தச் சட்டை போட்டிருந்தாலும் அவருக்காகப் பேசுவதுதான் சங்கம் என்று சொல்லுங்கள்.

இந்த மூன்றையும் தீர்மானமாக உங்கள் முன் வைக்கிறோம். அடுத்த மாதக் கிளைக் கூட்டங்களில் பேசி முடிவெடுங்கள். விண்ணப்பம் போடப் போகிற பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலோடு வாருங்கள்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!